லாக்ரொட்டேட்டில் மெயில் முகவரி கொடுத்தும் லாக் ஃபைல் வரவில்லை: நான்கு நாளாகக் காத்திருக்கிறேன்

நொய்யல்கரை · திங்கள், காலை 10.12

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு 22.04, முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், பின்னால் பில் போடும் வெப் அப்ளிகேஷன். எல்லாம் ஒரே மெஷினில்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் லாரி கேட்டில் நிற்கிறது, இன்வாய்ஸ் பிரிண்ட் ஆகவில்லை. போய்ப் பார்த்தால் 40 ஜிபி டிஸ்க்கில் ஒரு பைட் கூட இடமில்லை. அப்ளிகேஷன் லாக் ஃபைல் மட்டும் 31 ஜிபி. அதைக் காலி செய்து இன்வாய்ஸ் எடுத்து லாரியை அனுப்பும்போது ராத்திரி ஒன்பதரை. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை கையாலேயே லாக்கைக் காலி செய்துகொண்டிருந்தேன். அது நிலைக்காது என்று போன வியாழக்கிழமை லாக்ரொட்டேட்டில் (பழைய லாக்கைப் பெயர் மாற்றி வைத்து, புதிதாகத் தொடங்கி, மிகப் பழையதை அழிக்கும் கருவி) புதிதாக ஒரு கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) எழுதினேன். டெய்லி, ரொட்டேட் 14 (14 பழைய பிரதிகள்), கம்ப்ரெஸ், டிலேகம்ப்ரெஸ், மிஸ்ஸிங்ஓகே, நாட்இஃப்எம்ப்டி. கூடவே மெயில் என்று போட்டு அலுவலக முகவரியையும் கொடுத்தேன். தினமும் காலையில் முந்தின நாள் லாக் மெயிலில் வந்துவிடும் என்று நினைத்தேன்.

லாக் சுழல்கிறது. புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு என்று ஃபைல்கள் கண் முன்னால் இருக்கின்றன. மெயில் மட்டும் வரவே இல்லை, ஸ்பாமிலும் இல்லை. எங்கே தவறு?

இரவுப்பணி · திங்கள், காலை 10.40

சர்வரில் கையால் மெயில் கட்டளை கொடுத்தால் போகிறதா? அதை முதலில் சொல்லுங்கள்.

பழைய_டெர்மினல் · திங்கள், காலை 11.25

இரவுப்பணி கேட்டதையும் பார்க்க வேண்டும். ஆனால் உங்கள் மெயில் வராததற்கு முதல் காரணம் வேறு. உங்கள் கான்ஃபிக்கில் பிழை எதுவும் இல்லை. அந்த மெயில் என்ற சொல்லுக்கு லாக்ரொட்டேட் கொடுக்கும் பொருள் நீங்கள் நினைத்தது இல்லை, அவ்வளவுதான்.

மேன் பக்கத்தை (கட்டளையின் கையேடு) திறந்து அந்த இடத்தைப் படியுங்கள். ஒரு லாக் சுழன்று சுழன்று, இனி வைத்திருக்க வேண்டாம் என்று அழிக்கப்படும் நேரத்தில்தான் அது அந்த முகவரிக்கு அனுப்பப்படும். எதுவும் சொல்லாவிட்டால் மெயில்லாஸ்ட் என்பதுதான் இயல்புநிலை. வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவரை வாசல் வரை வந்து வழியனுப்புவது மாதிரி. வருகிறவருக்கு அது வரவேற்பு கிடையாது.

நீங்கள் ரொட்டேட் 14 கொடுத்திருக்கிறீர்கள். 14 பிரதிகள் சேரும் வரை அழிக்க எதுவும் இல்லை, அனுப்பவும் எதுவும் இல்லை. 15ஆவது சுழற்சியில்தான் முதல் மெயில். அதிலும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். புது லாக் ஒன்றை முதல்முறை பார்க்கும் நாளில் லாக்ரொட்டேட் அதைச் சுழற்றாது, நிலைக் கோப்பில் (எந்த லாக் எப்போது சுழன்றது என்ற குறிப்பு) தேதியை மட்டும் குறித்துக்கொள்ளும். அப்புறம் நாட்இஃப்எம்ப்டி இருப்பதால் காலியான லாக் சுழலாது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, லாக் காலி என்றால் அந்த நாள் கணக்கில் வராது. 14 என்பது சுழற்சிக் கணக்கு, நாள் கணக்கு இல்லை.

உங்களுக்கு வேண்டியது மெயில்ஃபர்ஸ்ட். மெயில் வரிக்குக் கீழே தனி வரியாக அதைச் சேருங்கள். அப்போது சற்றுமுன் சுழன்ற புது லாக் போகும். மெயில் வரி இல்லாமல் மெயில்ஃபர்ஸ்ட் மட்டும் போட்டால் எதுவும் நடக்காது, இரண்டும் வேண்டும்.

நொய்யல்கரை · திங்கள், மதியம் 12.50

அண்ணா, நான்கு நாளாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், மிக்க நன்றி. மெயில்ஃபர்ஸ்ட் சேர்த்துவிட்டேன். நாளை வரை காத்திருக்காமல் இப்போதே சோதிக்க வழி உண்டா? மைனஸ் டி போட்டு ஓட்டினேன். ஓல்டு லாக்ஸ் மெயில்டு டு என்று என் முகவரி தெரிந்தது. ஆனால் மெயில் வரவில்லை.

பழைய_டெர்மினல் · திங்கள், மதியம் 1.15

மைனஸ் டி ஒத்திகை மட்டும்தான். எதையும் சுழற்றாது, அனுப்பாது, நிலைக் கோப்பையும் தொடாது. கான்ஃபிக்கை அது எப்படிப் புரிந்துகொண்டது என்று காட்டும். முகவரி அங்கே தெரிகிறது என்றால் எழுத்துப்பிழை இல்லை என்று அர்த்தம்.

நிஜமாக ஓட்ட மைனஸ் வி, மைனஸ் எஃப் இரண்டையும் கொடுத்து, உங்கள் தனி கான்ஃபிக் கோப்பின் பெயரை மட்டும் கொடுங்கள். பொதுவான லாக்ரொட்டேட் டாட் கான்ஃப் பெயரைக் கொடுத்து மைனஸ் எஃப் போட்டால் மெஷினில் இருக்கிற எல்லா லாக்கும் ஒரு படி தள்ளப்படும். நான்கு தடவை அப்படிச் சோதித்தால் ரொட்டேட் 4 வைத்திருக்கும் பழைய சிஸ்லாக் (மெஷினின் பொது லாக்) மொத்தமும் போய்விடும். ஒரு இடத்தில் விசாரணைக்கு வேண்டியிருந்த ஒரு மாத லாக் இப்படித்தான் போனது. பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

செங்காந்தள் · திங்கள், மதியம் 1.31

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ரெட்ஹாட், ஆல்மா லினக்ஸ் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு டேட்எக்ஸ்ட் இயல்பாகவே போட்டிருக்கும். பெயரில் தேதி ஒட்டுவதால் ஒரே நாளில் இரண்டாவது முறை மைனஸ் எஃப் கொடுத்தால், அந்தப் பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது என்று சுழற்சியை விட்டுவிடும். மெயிலும் போகாது. டேட்ஃபார்மட்டில் நொடியையும் சேர்த்தால் சரியாகிவிடும்.

நொய்யல்கரை · திங்கள், மாலை 4.05

மைனஸ் எஃப் ஓட்டினேன். லாக் சுழன்றது, ஆனால் மெயில் கட்டளையை இயக்க முடியவில்லை என்று பிழை. இரவுப்பணி காலையில் கேட்டது இதுதான். என் சர்வரில் மெயில் என்ற கட்டளையே இல்லை. அந்தக் கட்டளை உள்ள மெயில்யூட்டில்ஸ் போட்டேன், கூடவே மெயிலை வெளியே அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும் வந்தது. இன்டர்நெட் சைட் என்று தேர்ந்தெடுத்தேன். இப்போது பிழை இல்லை, மெயிலும் இல்லை.

இரவுப்பணி · திங்கள், மாலை 4.20

மெயில்க்யூ (அனுப்பக் காத்திருக்கும் மெயில் வரிசை) கொடுத்துப் பாருங்கள். வார் லாக் அடைவில் மெயில் டாட் லாக்கின் கடைசிப் பத்து வரியையும் பாருங்கள்.

நொய்யல்கரை · திங்கள், மாலை 4.38

மூன்று மெயில் வரிசையில் தேங்கி நிற்கிறது. மூன்றிலும் போர்ட் 25, கனெக்‌ஷன் டைம்ட் அவுட்.

தாமிரபரணி · திங்கள், இரவு 8.10

கிளவுட் மெஷின் என்றால் இது எதிர்பார்த்ததுதான். கூகுள் கிளவுட்டில் வெளியே போகும் போர்ட் 25 (மெயில் சர்வர்கள் ஒன்றுக்கொன்று பேசும் வாசல்) அடைத்தே இருக்கும். அமேசானிலும் ஆரம்பத்தில் கட்டுப்பாடு உண்டு, கேட்டு வாங்க வேண்டும். ஸ்பாம் அனுப்புகிறவர்களைத் தடுக்கச் செய்தது. அதை உடைக்க முயலாதீர்கள். உங்கள் அலுவலக மெயில் சர்வர் வழியாக, போர்ட் 587இல், பயனர் பெயர் கடவுச்சொல்லுடன் அனுப்புங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. மெயின் டாட் சிஎஃப் கோப்பில் ரிலேஹோஸ்ட் வரியில் உங்கள் மெயில் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, முக்காற்புள்ளி வைத்து 587 எழுதுங்கள். அடைப்புக்குறி முக்கியம். அது இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் பதிவு (அந்தப் பெயருக்கு மெயில் வாங்கும் சர்வர் எது என்ற குறிப்பு) தேடப் போய்விடும். பிறகு எஸ்ஏஎஸ்எல் உள்நுழைவை (பயனர் பெயர், கடவுச்சொல்) இயக்குங்கள், டிஎல்எஸ் (மறைகுறியாக்கம்) நிலையை என்கிரிப்ட் என்று வையுங்கள், கடவுச்சொல் கோப்பை எழுதி போஸ்ட்மேப் ஓட்டுங்கள். அந்தக் கோப்புக்கும் அதிலிருந்து உருவாகும் டிபி கோப்புக்கும் அனுமதி 600. ரூட் தவிர யாரும் படிக்கக் கூடாது.

ஜிமெயில் வழியாக என்றால் உங்கள் வழக்கமான கடவுச்சொல் வேலை செய்யாது. கடவுச்சொல்லை மட்டும் வைத்து நுழையும் அந்தப் பழைய வசதியை 2022 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நீங்கள் மாட்டப்போகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அனுப்புநர் முகவரி ரூட், அட் குறி, உங்கள் மெஷின் பெயர் என்று போகும். அந்தப் பெயருக்கு எஸ்பிஎஃப் பதிவு (அந்தப் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) இருக்காது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் (மெயிலில் டிஜிட்டல் கையொப்பம்) கேட்கிறது. இல்லையென்றால் 550, 5.7.26 என்று திருப்பி அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸின் ஜெனரிக் மேப்பில் (முகவரி மாற்றும் பட்டியல்) ரூட்டை உங்கள் நிஜ முகவரியாக மாற்றிக் கொடுங்கள்.

வரிசை இதுதான்: முதலில் கையால் ஒரு வரி மெயில். அது வந்து சேர்ந்த பிறகுதான் லாக்ரொட்டேட். இரண்டையும் ஒரே நேரத்தில் சோதித்தால் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

நொய்யல்கரை · செவ்வாய், காலை 9.30

அக்கா, வந்துவிட்டது! கையால் அனுப்பியது ராத்திரியே வந்தது. இன்று அதிகாலை என்ஜின்எக்ஸ் எரர் லாக்கும் வந்திருக்கிறது. தலைப்பில் லாக் ஃபைலின் முழுப் பாதை, உள்ளே லாக் அப்படியே மெயிலின் உடலாக. தனி இணைப்பாக இல்லை.

ஆனால் அப்ளிகேஷன் லாக் வரவில்லை. மெயில் டாட் லாக்கில் மெசேஜ் ஃபைல் டூ பிக் என்று இருக்கிறது. நேற்றைய லாக் 64 எம்பி.

முனையம்77 · செவ்வாய், காலை 10.02

நான் மாறுபட்டுச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான வரம்பு 10240000 பைட். அதை உயர்த்தினாலும், ஜிமெயில் வழியாக அனுப்பினால் அதன் 25 எம்பி வரம்பு நிற்கும். இந்த வரம்புகள் எல்லாம் உங்களுக்கு ஒன்றைத்தான் சொல்கின்றன: லாக்கை மெயிலில் அனுப்பாதீர்கள். 64 எம்பி லாக்கை யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள்? மூன்றாவது வாரம் அந்த மெயில்களுக்கு ஒரு ஃபில்டர் போட்டு வேறு ஃபோல்டருக்குத் தள்ளுவீர்கள், ஐந்தாவது வாரம் மறந்துவிடுவீர்கள். லாக்வாட்ச் போடுங்கள். தினமும் ஒரு பக்கச் சுருக்கம் வரும், அதைப் படிக்கலாம். மூல லாக் வேண்டுமென்றால் ஆர்சிஸ்லாக் வழியாக இன்னொரு மெஷினுக்கு அனுப்பிச் சேமியுங்கள்.

இன்னொன்று. உங்கள் லாக்கில் வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், ஐபி முகவரி எல்லாம் இருக்கும். மெயில் பெட்டியில் அது எத்தனை பேர் கைக்குப் போகும் என்று யோசித்தீர்களா?

செங்காந்தள் · செவ்வாய், காலை 10.45

ரகசியம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் லாக்கை மெயிலில் அனுப்பவே கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே ஒரு சர்வர் வைத்திருக்கும் சின்ன இடத்தில் இன்னொரு லாக் சர்வருக்கு எங்கே போவது? என் கையில் ஒரு சின்ன அச்சகத்தின் மெஷின் இருந்தது. தினமும் பேக்கப் லாக் மட்டும் மெயில்ஃபர்ஸ்ட்டில் வரும், நாற்பது வரி இருக்கும். ஒரு மழைக்காலத்தில் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. மெஷினில் எதுவும் மிச்சமில்லை. கடைசி பேக்கப் எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு முழுதாக முடிந்தது என்று என் மெயில் பெட்டியில்தான் இருந்தது. அதை வைத்துத்தான் எந்த டேப்பிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்தோம்.

எதை அனுப்புவது என்பதுதான் கேள்வி. சின்னதாக, தினமும் ஒருவர் பார்க்கிற லாக்காக இருந்தால் அனுப்பலாம். ஆக்ஸஸ் லாக், அப்ளிகேஷன் லாக் இரண்டுக்கும் நோமெயில் போடுங்கள்.

முனையம்77 · செவ்வாய், காலை 11.05

நாற்பது வரி என்றால் எனக்கும் சம்மதம்.

பழைய_டெர்மினல் · செவ்வாய், காலை 11.40

நல்ல விவாதம். ஆனால் ஒரு ஆபத்தை யாரும் சொல்லவில்லை, அதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

மெயில்லாஸ்ட் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். லாக்ரொட்டேட் மெயில் கட்டளையைக் கூப்பிடுகிறது. அந்தக் கட்டளை பிழையோடு திரும்பினால் பழைய லாக்கை அழிக்காது, அதுவரை நல்லது. ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் வரிசையில் மெயில் சேர்ந்துவிட்டாலே கட்டளை வெற்றி என்று திரும்பிவிடும். உடனே லாக் அழிக்கப்படும். அந்த மெயில் வெளியே போகாமல் ஐந்து நாள் வரிசையில் கிடந்து பிறகு திரும்பி வந்தால்? நொய்யல்கரையின் மூன்று மெயில் நேற்றுத் தேங்கி நின்றதே, அதே நிலைதான். மெஷினிலும் லாக் இல்லை, பெட்டியிலும் இல்லை.

இது இந்தியாவில் சட்டப் பிரச்சினையும்கூட. 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், அதுவும் இந்திய எல்லைக்குள், என்கிறது. ரொட்டேட் 14 வைத்துவிட்டு, மீதி மெயிலில் இருக்கும் என்று நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. சுருக்கி வைத்தால் லாக் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு அளவே இடம் பிடிக்கும். ரொட்டேட் 190 என்று தாராளமாக வையுங்கள்.

ஒரு கேள்வி, நொய்யல்கரை. பில் போடும் அப்ளிகேஷன் ஒரு நாளில் 64 எம்பி என்ன எழுதுகிறது? முன்பு 31 ஜிபி வரை எப்படி வந்தது?

நொய்யல்கரை · செவ்வாய், மாலை 3.20

இப்போதுதான் திறந்து பார்த்தேன். பத்து வரிக்கு ஒன்பது வரி டீபக் (பிழை தேட எழுதும் குறிப்பு). ஒவ்வொரு எஸ்க்யூஎல் வாக்கியமும் (தரவுத்தளக் கட்டளை) முழுசாக எழுதப்படுகிறது. அதில் வாடிக்கையாளர் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கிறது. அப்ளிகேஷனை நிறுவிக் கொடுத்தவர்கள் சோதனைக்காகப் போட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். இது மெயிலில் போகாதது நல்லதாகப் போயிற்று. லாக் நிலையை வார்னிங் என்று மாற்றிவிட்டேன். மதியத்திலிருந்து இதுவரை மொத்தம் 11 வரி.

தாமிரபரணி · செவ்வாய், மாலை 3.45

முதல் வேலை இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் தம்பி, பரவாயில்லை. அந்தப் பழைய லாக் பிரதிகளையும் அழித்துவிடாதீர்கள், அனுமதியை மட்டும் 600 ஆக்குங்கள். கணக்கு எண் வெளியே போயிருக்கிறதா என்று யாராவது கேட்டால் அதுதான் சான்று.

நொய்யல்கரை · செவ்வாய், மாலை 5.10

சரி அக்கா. இப்போது யோசித்துப் பார்த்தால், எனக்கு லாக் மெயிலில் வர வேண்டும் என்பதே இல்லை. லாக் சுழலாமல் நின்றுபோனால் எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை மறுபடி வரக் கூடாது. அதற்கு மெயில் வருமா?

இரவுப்பணி · செவ்வாய், இரவு 11.50

மெயில் வரியால் அது வராது. அது லாக்கை மட்டும்தான் அனுப்பும், பிழையை அனுப்பாது.

முன்பெல்லாம் க்ரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கருவி) டெய்லியில் லாக்ரொட்டேட் ஓடும். பிழை வந்தால் க்ரான்டேப்பில் இருக்கும் மெயில்டூ முகவரிக்கு க்ரானே அனுப்பிவிடும். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த க்ரான் ஸ்கிரிப்ட் இன்னும் இருக்கிறது, ஆனால் சிஸ்டம்டி (சர்வீஸ்களை இயக்கும் அமைப்பு) இருந்தால் ஒன்றும் செய்யாமல் வெளியேறிவிடும். வேலையை லாக்ரொட்டேட் டைமர் எடுத்துக்கொண்டது. பிழை எல்லாம் ஜர்னலுக்கு (சிஸ்டம்டியின் லாக்) போகிறது, யாருக்கும் மெயில் போவதில்லை. அப்கிரேட் செய்த எத்தனையோ மெஷினில் எச்சரிக்கை மெயில் நின்றுபோனது இப்படித்தான். மெயில் வரவில்லை, அதனால் எல்லாம் நலம் என்று இருந்துவிடுவார்கள்.

செய்ய வேண்டியது: சிஸ்டம்சிடிஎல் எடிட் கொடுத்து லாக்ரொட்டேட் சர்வீஸைத் திறங்கள். யூனிட் பகுதியில் ஆன்ஃபெய்லியர் என்று ஒரு வரி, அதில் நீங்கள் எழுதும் சின்ன அலர்ட் சர்வீஸின் பெயர். அந்தச் சர்வீஸ் ஜர்னலின் கடைசி 30 வரியை எடுத்து மெயில் கட்டளைக்குக் கொடுத்தால் போதும்.

பில் அப்ளிகேஷன் லாக்குக்கு மேக்ஸ்சைஸ் 200 எம்பி (அதைத் தாண்டினால் சுழற்று) என்று வைக்கலாம். ஆனால் லாக்ரொட்டேட் ஓடும்போது மட்டும்தான் அளவைப் பார்க்கும். டைமர் தினமும் ஒரு தடவை என்றால் நடுவில் 31 ஜிபி ஆனாலும் அதற்குத் தெரியாது. டைமரை மணிக்கு ஒரு தடவை ஓடும்படி மாற்றுங்கள், அப்போதுதான் மேக்ஸ்சைஸுக்குப் பயன்.

செங்காந்தள் · புதன், காலை 8.15

டிஸ்க் நிரம்பிய மெஷின், திடீரென்று கரண்ட் போன மெஷின் இரண்டிலும் நிலைக் கோப்பு கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். பேட் லைன், ஸ்டேட் ஃபைல் என்று ஒரே வரிப் பிழை சொல்லிவிட்டு லாக்ரொட்டேட்டின் சில பதிப்புகள் முழுசாக நின்றுவிடும். ஒரு லாக்கும் சுழலாது. வார் லிப் அடைவில் இருக்கும் அந்தக் கோப்பை நகர்த்திவிட்டால் அடுத்த முறை புதிதாக எழுதிக்கொள்ளும். இரவுப்பணி சொன்ன அலர்ட் இருந்தால் அன்று காலையிலேயே தெரிந்துவிடும்.

நொய்யல்கரை · வெள்ளி, காலை 9.05

இப்போது இருக்கும் நிலை: எரர் லாக்குக்கு மட்டும் மெயில், மெயில்ஃபர்ஸ்ட். ஆக்ஸஸ் லாக், அப்ளிகேஷன் லாக்குக்கு நோமெயில், ரொட்டேட் 190. டைமர் மணிக்கு ஒரு தடவை. ஆன்ஃபெய்லியர் அலர்ட் எழுதியாயிற்று.

அதைச் சோதிக்க நேற்று அப்ளிகேஷன் கான்ஃபிக் கோப்பின் அனுமதியை வேண்டுமென்றே 664 ஆக்கினேன். குழு எழுதக்கூடிய கோப்பு என்றால் லாக்ரொட்டேட் அதை ஏற்காது என்று படித்திருந்தேன். அப்படியே நடந்தது. கைபேசியில் 11.02க்கு மெயில் வந்தது. எந்தக் கோப்பு, ஏன் விடப்பட்டது என்று அதில் வரி இருந்தது. உடனே 644 ஆக்கினேன். 12 மணிக்கு ஓடியபோது மெயில் வரவில்லை. ஜர்னலிலும் பார்த்தேன், சரியாக முடிந்திருக்கிறது.

தாமிரபரணி · வெள்ளி, காலை 9.20

ஜர்னலிலும் பார்த்தீர்களே, அது போதும். அந்த கான்ஃபிக் கோப்பின் ஒரு பிரதியை லாக்ரொட்டேட் டாட் டி அடைவுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயே வேறு பெயரில் வைத்தால் ஒரே லாக்குக்கு இரண்டு பதிவு என்று அடுத்த தடவை ஓடும்போதே அலர்ட் வரும்.

நொய்யல்கரை · வெள்ளி, காலை 9.24

சற்றுமுன் உள்ளேதான் வைத்தேன் அக்கா. இப்போதே மாற்றுகிறேன்.